அல்சேஷன், லாப்ரடார் குட்டிக்கு எந்தத் தீனி சரி?

பினாங்கில் தரை வீடு உள்ளவர்கள் அல்சேஷன் குட்டியோ லாப்ரடார் குட்டியோ வாங்கிவந்தால், முதல் வாரத்திலேயே யோசனைகள் வாசலுக்கு வந்துவிடும். பிறையில் இருக்கும் மாமா, "பச்சைக் கோழிக் கால் போடு, எலும்பு கெட்டியாகும்" என்பார். பாட்டி பால் சோறு பிசைவார். பெட் ஷாப்பில் மூட்டைத் தீனியோடு கால்சியம் டப்பா ஒன்றையும் எடுத்துவைப்பார்கள். குட்டியைக் கொடுத்தவர், நான்கு மாதம் ஆனதும் பெரிய நாய்த் தீனிக்கு மாற்றிவிடச் சொல்லியிருப்பார். ஆளுக்கொரு பேச்சு என்றாலும் ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒரே கட்சி: குட்டி இன்னும் கொஞ்சம் சதை போடணும்.

எனக்கு உடன்பாடு இல்லாதது அந்த ஒரு விஷயத்தில்தான். எடை ஏற வேண்டும், சரி. ஆனால் 30 கிலோவைத் தாண்டி வளரப்போகும் குட்டிக்கு அது நிதானமாக ஏற வேண்டும். எது சீக்கிரம் கொழுக்க வைக்கும் என்று பார்த்துத் தீனி வாங்குவது தொடக்கத்திலேயே கோணல். எதில் கால்சியம் அளவோடு இருக்கிறது, எதை நம் வீட்டில் தினமும் அளந்து போட முடியும் என்ற இரண்டையும் வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

பெரிய இனத்துக்கு ஏன் தனிக் கணக்கு

சின்ன இன நாய்கள் பத்து மாதத்துக்குள் ஏறக்குறைய முழு வளர்ச்சி அடைந்துவிடும். லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், அல்சேஷன், ராட்வைலர் போன்றவற்றுக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். கிரேட் டேன் இரண்டு ஆண்டுவரை இழுக்கும். இதில் மூன்றாம் மாதம் தொடங்கி ஆறாம் மாதம்வரை வளர்ச்சி வேகம் உச்சத்தில் இருக்கும். எலும்பு முனைகளில் குருத்தெலும்பு இன்னும் எலும்பாகிக்கொண்டிருக்கும் அந்தச் சமயத்தில், சாப்பாடு அதிகமாகி உடம்பு கனத்தால் பாரம் முழுக்க அந்த இளம் மூட்டுகளின் மேல் விழும். இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவதுதான். ஆனால் பரம்பரையில் இருப்பது எவ்வளவு மோசமாக வெளிப்படும் என்பதில் தீனிக்குப் பெரிய பங்கு உண்டு.

இதற்கு நல்ல சாட்சி, 2002இல் வெளியான பியூரினா நிறுவனத்தின் லாப்ரடார் ஆய்வு. 48 நாய்களைக் குட்டிப் பருவத்திலிருந்தே ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்று தின்னும் அளவைவிட 25 சதவீதம் குறைவாக மற்றதற்குக் கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு. நிறையத் தின்றவற்றுக்கு 11.2 ஆண்டு. மூட்டுத் தேய்மானமும் ஒல்லியானவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. நிதானமாக வளர்ந்தால் குட்டி குட்டையாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். உயரம் பரம்பரையில் எழுதியிருக்கிறது. கொஞ்சம் தாமதமாக அந்த உயரத்தை எட்டும், அவ்வளவுதான்.

அடுத்தது கால்சியம். வளர்ந்த நாய்க்குத் தேவைக்கு மேல் கால்சியம் போனால் குடல் அதை உள்ளே விடாமல் குறைத்துக்கொள்ளும். ஏறக்குறைய ஆறு மாதம்வரை குட்டியின் உடம்பு இதைச் சரியாகச் செய்யாது. கொடுத்ததில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். 1980களில் நெதர்லாந்தில் கிரேட் டேன் குட்டிகளை வைத்துச் செய்த சோதனைகளில், அதிகக் கால்சியம் தின்றவற்றுக்கு எலும்பு வளர்ச்சியே கோணலானது. குறைந்தாலும் ஆபத்துதான்: எலும்பிலிருந்து கால்சியத்தை உடம்பு உறிஞ்ச ஆரம்பிக்கும், எலும்பு மெலிந்து, சாதாரணமாகக் குதித்தாலே முறியும்.

அமெரிக்காவில் கால்நடைத் தீனிக்கு அளவுகள் வகுக்கும் ஆஃப்கோ அமைப்பின் கணக்குப்படி, வளரும் பெரிய இனக் குட்டிக்கு ஒவ்வொரு 1,000 கிலோ கலோரி தீனியிலும் 3 முதல் 4.5 கிராம் கால்சியம் இருக்க வேண்டும். மற்றக் குட்டிகளுக்கு மேல் எல்லை 6.25 கிராம்வரை போகலாம். பெரிய இனத்துக்கு இடைவெளி குறுகலானது. இந்த 3, 4.5 இரண்டையும் மனதில் வையுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

புரதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "புரதம் ஜாஸ்தியானால் கால் வளையும்" என்று பழைய நாய்க்காரர்கள் சொல்வார்கள். கிரேட் டேன் குட்டிகளிலேயே இதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். புரதம் குற்றவாளி இல்லை.

மூட்டைத் தீனியில் மூன்று ரகம்

பெரிய இனக் குட்டிகளுக்கென்றே வரும் தீனி, பொதுவான குட்டித் தீனி, வளர்ந்த நாய்த் தீனி என மூன்று ரகம். குட்டியைக் கொடுத்தவர் சொன்ன மூன்றாவதை முதலில் கழித்துவிடலாம். வளர்ந்த நாய்த் தீனியில் கலோரி குறைவாக இருப்பதால், பசிக்கும் குட்டி அதை இன்னும் கூடுதலாகத் தின்னும். கால்சியமும் சேர்ந்தே கூடும். புரதத்துக்குப் பயந்த காலத்தில் பிறந்த யோசனை அது. காரணம் போன பிறகும் பழக்கம் போகவில்லை.

பொதுவான குட்டித் தீனி எல்லாமே கெடுதல் என்று சொல்ல மாட்டேன். சில பெரிய இனத்துக்கும் பொருந்தும் அளவில்தான் வருகின்றன. மூட்டையின் பின்பக்கத்தைப் படித்தால் தெரிந்துவிடும். அமெரிக்க அளவைப் பின்பற்றும் தீனியாக இருந்தால், வளர்ந்தபின் 70 பவுண்ட், அதாவது ஏறக்குறைய 32 கிலோ, அல்லது அதற்கு மேல் எடை வரும் நாய்களின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்று ஒரு வாக்கியம் இருக்கும். அந்த வாக்கியத்தில் பெரிய நாய்கள் "நீங்கலாக" என்று இருந்தால் மூட்டையைத் திரும்ப அடுக்கில் வைத்துவிடுங்கள். ஐரோப்பியத் தயாரிப்புகள் அங்குள்ள செல்லப்பிராணித் தீனித் தயாரிப்பாளர் கூட்டமைப்பான ஃபெடியாஃபின் அளவுகளின்படி வரும். எதுவும் எழுதாமல் முன்பக்கத்தில் கம்பீரமான அல்சேஷன் படம் மட்டும் இருந்தால், அந்தப் படத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

நம் ஊரில் இன்னொரு சங்கடம் உண்டு. 15 கிலோ, 20 கிலோ மூட்டையைப் பிரித்து, கண்ணாடிப் பிளாஸ்டிக் பையில் கிலோ கணக்கில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். விலை மலிவுதான். ஆனால் கால்சியம் எவ்வளவு, கலோரி எவ்வளவு, எப்போது காலாவதி என்று எதுவும் தெரியாது. நம் புழுக்கத்தில் தீனியிலுள்ள கொழுப்பும் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். வளர்ந்த கம்பத்து நாய்க்கு அவசரத்துக்கு வாங்கலாம். பெரிய இனக் குட்டிக்கு வேண்டாம்.

மாட்டிறைச்சி புழங்காத வீடுகளில் உள்ளடக்கத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும். முன்பக்கத்தில் கோழி என்று போட்டுவிட்டு உள்ளே மாட்டுக் கொழுப்போ மாட்டெலும்புத் தூளோ சேர்த்திருப்பார்கள். "இறைச்சித் தூள்" என்று பொதுவாகப் போட்டிருந்தால் எந்த இறைச்சி என்று யாருக்கும் தெரியாது. கோழி, ஆடு, மீன் என்று பெயர் சொல்லி வரும் பெரிய இனக் குட்டித் தீனிகள் கிடைக்கத்தான் செய்கின்றன, கொஞ்சம் தேட வேண்டும். தானியம் இல்லாதது என்று கூடுதல் விலைக்கு வருவதைத் தேட வேண்டிய அவசியம் எனக்குத் தெரிந்து இல்லை.

பாட்டியின் சோறு

வீட்டில் சமைத்துப் போடுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. என்ன போகிறது என்று கண்ணால் பார்க்கலாம், குட்டியும் தட்டை நக்கித் துடைத்துவிடும். அதனாலேயே இதைச் சும்மா ஒதுக்காமல் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஐந்து மாதம், 15 கிலோ எடை. ஓய்வில் இருக்கும் உடம்புக்கே ஒரு நாளைக்குச் சுமார் 530 கிலோ கலோரி வேண்டும். நான்கு மாதம் தாண்டிய வளரும் குட்டிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 1,070 என்று தொடங்கலாம். தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 300 கிராம், வெந்த வெள்ளைச் சோறு 440 கிராம். கலோரி சரியாக வந்துவிடும். கோழியும் சோறுமாக முக்கால் கிலோ, பார்க்கவே மனசு நிறையும்.

அதில் கால்சியம் எவ்வளவு? கோழியில் சுமார் 45 மில்லிகிராம், சோற்றில் 44. மொத்தம் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வேண்டியதோ குறைந்தபட்சம் 3.2 கிராம். தேவையில் முப்பதில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. பாஸ்பரஸ் சுமார் 870 மில்லிகிராம், அதாவது கால்சியத்தைப் போல் பத்து மடங்கு. குட்டிக்குக் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ அதற்குக் கொஞ்சம் மேலாகவோ இருக்க வேண்டும். இங்கே தராசு தலைகீழாகக் கிடக்கிறது. பாலை ஊற்றிச் சரிக்கட்டலாமா என்றால், அந்தக் குறையை நிரப்ப ஒரு நாளைக்குப் பத்துக் கப்புக்கு மேல் பால் வேண்டும். இரண்டாவது கப்பிலேயே குட்டிக்கு வயிறு கழன்றுவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால், இப்படி வளரும் குட்டி எடை ஏறிக்கொண்டேதான் இருக்கும். கலோரி சரியாக இருக்கிறதே. பளபளவென்று, குண்டாக, பார்ப்பவர் கண்ணுக்கு நிறைவாக இருக்கும், உள்ளே எலும்பு மெலியும். நொண்டும்போதுதான் தெரியவரும்.

வீட்டுச் சமையல் முடியவே முடியாது என்றில்லை. கால்நடை ஊட்டச்சத்து தெரிந்த மருத்துவர் அந்தக் குட்டியின் எடைக்கும் வயதுக்கும் எழுதிக்கொடுத்த பட்டியல் இருந்து, அதில் சொன்ன கால்சியத்தையும் தாதுக்களையும் தராசில் நிறுத்துப் போட முடிந்தால் செய்யலாம். குட்டி வளர வளரப் பட்டியலும் மாறும். "இன்றைக்கு ஈரல் இல்லை, பரவாயில்லை" என்று விட முடியாது.

அங்கேதான் நம் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் வருகிறது. புரட்டாசி மாதம் பல வீடுகளில் கவிச்சி அடுப்பேறாது. தைப்பூசத்துக்கு மாலை போட்டால் 48 நாள்வரை விரதம் இருப்பவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமை சைவம் தனி. மூன்று மாதக் குட்டிக்கு ஒன்றரை மாதம் என்பது வாழ்நாளின் பெரிய பகுதி. அந்த நாட்களில் தயிர் சோறு, பருப்பு சோறு என்று ஓட்டினால் பட்டியல் அத்தோடு காலி. பின்கட்டில் தனி அடுப்பு வைத்துச் சமைக்கும் வீடென்றால் வேறு விஷயம். மற்ற வீடுகளில் விரத நாளிலும் கை மாறாமல் போடக்கூடியது மூட்டைத் தீனிதான்.

குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றைப் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு.

பச்சை இறைச்சி

மாமாவின் பச்சைக் கோழிக் காலில் கால்சியம் உண்டு, மறுக்கவில்லை. எவ்வளவு என்று அளக்க முடியாது என்பதுதான் என் தகராறு. ஒரு நாள் எலும்பு அதிகம், மறுநாள் சதை அதிகம். 3, 4.5 என்ற குறுகிய இடைவெளியில் இது நிற்காது. சால்மொனெல்லா கிருமி குளிர்ப்பெட்டியின் உறைநிலையில் வைத்தாலும் முழுக்கச் சாகாது. குட்டி தின்ற வாயோடு குழந்தையின் முகத்தை நக்கும். தவழும் பிள்ளையோ வயதானவரோ உள்ள வீட்டில் இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். சரி, வேகவைத்தே போடுகிறேன் என்றால் அது அதைவிட மோசம்: வெந்த கோழி எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

இரண்டும் கலந்து போட்டால்

நடைமுறையில் பெரும்பாலான வீடுகள் இங்கேதான் வந்து நிற்கும். மூட்டைத் தீனி பாதி, சோறு பாதி. பாதிக்குப் பாதி என்றால் மேலே சொன்ன குறை பாதியளவு அப்படியே இருக்கும். பத்தில் ஒன்பது பங்கு கலோரி மூட்டைத் தீனியிலிருந்தும், ஒரு பங்கு அடுப்படியிலிருந்தும் என்றால் கவலையில்லை. நம் 15 கிலோ குட்டிக்கு அந்த ஒரு பங்கு என்பது ஒரு வேகவைத்த முட்டை, அல்லது 60 கிராம் கோழி. அன்றைக்கு மூட்டைத் தீனியில் ஒரு கைப்பிடியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். குறைக்காமல் மேலே மேலே போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. மார்க்கெட்டில் வாங்கிய நெத்திலியைத் தூவினால் உப்பு அதிகம். ஊறவைத்துக் கழுவிய பிறகும் கொஞ்சமாகவே போடலாம்.

அந்தக் கால்சியம் டப்பா என்னவாயிற்று? அதற்கும் கணக்கு உண்டு. 1.4 சதவீதம் கால்சியம் உள்ள, கிலோவுக்கு 3,700 கிலோ கலோரி தரும் பெரிய இனக் குட்டித் தீனி என்று வையுங்கள். 1,070 கலோரிக்குச் சுமார் 290 கிராம் போட வேண்டும். அதில் கால்சியம் 4 கிராம். ஆயிரம் கலோரிக்கு 3.8, எல்லைக்குள் அழகாக உட்காருகிறது. இதன் மேல் ஒரு தேக்கரண்டி முட்டை ஓட்டுத் தூள் போட்டால் கூடுதலாக ஏறக்குறைய 2 கிராம் போகும். இப்போது ஆயிரம் கலோரிக்கு 5.6. ஒரே கரண்டியில் எல்லை தாண்டியாயிற்று. பெரிய இனக் குட்டித் தீனி போடுபவருக்குக் கால்சியம் டப்பா தேவையில்லை. டப்பாவுக்குக் கொடுக்கும் வெள்ளியை நல்ல மூட்டைக்குக் கொடுக்கலாம்.

எவ்வளவு, எப்போது

மூட்டையில் அச்சிட்ட அளவு ஒரு தொடக்கம் மட்டும். மிச்சத்தைக் கையால் அறிய வேண்டும். கையை மடக்கி விரல் மூட்டுகளைத் தடவுங்கள். குட்டியின் விலாவும் அப்படி மேடு பள்ளமாகத் தட்டுப்பட்டால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுவதுபோல் எலும்பே கிடைக்காவிட்டால் கொழுப்பு. கையை விரித்துப் புறங்கையைத் தடவும்போது மெல்லிய தோலுக்கடியில் எலும்பு தெரிகிறதே, அதுதான் வேண்டியது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு கொஞ்சம் உள்வாங்கியிருக்க வேண்டும். உடல்வாகை மதிப்பிடும் ஒன்பது படி அளவுகோலில் மருத்துவர்கள் 4, 5 என்று சொல்லும் நிலை இது. வாரம் ஒருமுறை தடவிப் பார்த்து அளவைக் கூட்டுங்கள், குறையுங்கள். கப்பால் அளப்பதைவிடச் சமையலறைத் தராசு நம்பகமானது. கப்பை ஆளுக்கு ஆள் வேறுமாதிரி நிரப்புவார்கள்.

"என்னம்மா, எலும்பும் தோலுமா இருக்கு, சோறு போடறியா இல்லையா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டால் குட்டி சரியான எடையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஊர்க்கண்ணுக்கு நல்ல குட்டி என்றால் உருண்டைக் குட்டி.

நாள் முழுக்கத் தட்டை நிரப்பி வைப்பது பெரிய இனத்துக்கு ஆகாது. நான்கு மாதம்வரை மூன்று அல்லது நான்கு வேளை, ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வேளை போதும். நம் வெயிலில் மதியம் குட்டிக்குப் பசி மந்தமாகத்தான் இருக்கும். விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் நன்றாகத் தின்னும். இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிட்டால் எறும்பும் வராது, எலியும் வராது. கருத்தடை செய்த பிறகு கலோரித் தேவை குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். பெரிய இனத்துக்கு அதை எந்த வயதில் செய்வது என்று டாக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள், மிகச் சீக்கிரம் செய்வது மூட்டுக்கு நல்லதில்லை.

தீனியோடு நேரடியாகச் சேராத ஒன்று: மாடிவீட்டு டைல்ஸ் தரையும் படிக்கட்டும். நார்வேயில் பெரிய இனக் குட்டிகளைப் பின்தொடர்ந்து 2012இல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்துக்குள் தினமும் படியேறி இறங்கியவற்றுக்கு இடுப்புக் கோளாறு அதிகம். புல்தரையில் ஓடி விளையாடியவற்றுக்குக் குறைவு. படிக்கட்டுக்கு ஒரு தடுப்புக் கதவு போடுவது மலிவான வைத்தியம்.

நிஜமாகவே மெலிந்திருந்தால்

விலா எண்ணும்படி இருக்கிறது, வயிறு மட்டும் பானையாக இருக்கிறது என்றால் தீனியை மாற்றும் முன் மலத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள். குடற்புழுவும், ஜியார்டியா, காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணிகளும் குட்டிகளில் சகஜம். புழு மருந்தைக் குட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடங்கி, மூன்று மாதத்துக்குப் பின் ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை கொடுப்பது வழக்கம். ஈறு வெளுத்து, சோர்ந்து, காய்ச்சலும் இருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நம் ஊரில் உண்ணிக்கு ஆண்டு முழுக்கப் பருவம்தான். அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். எடை ஏற்றும் பொடி, மால்ட் பசை எல்லாம் இந்த நோய்களை மறைத்துவைக்கும், தீர்க்காது.

எதை எடுப்பது

பெரும்பாலான வீட்டுக்கு என் வாக்கு பெரிய இனக் குட்டித் தீனிக்குத்தான். மேலே ஒரு முட்டையோ கொஞ்சம் கோழியோ, அதுவும் பத்தில் ஒரு பங்குக்குள். பணம் இடித்தால், 32 கிலோவுக்கும் பொருந்தும் என்று எழுதியிருக்கும் பொதுவான குட்டித் தீனி போதும். விலையைக் கிலோவுக்குப் பார்க்காமல் ஆயிரம் கலோரிக்கு எவ்வளவு வெள்ளி என்று வகுத்துப் பாருங்கள், மலிவாகத் தெரிந்த மூட்டை சில சமயம் மலிவாக இராது. சமைத்தே ஆக வேண்டும் என்ற ஆசையும் தராசும் பொறுமையும் உள்ளவர்கள் டாக்டரின் பட்டியலோடு இறங்கலாம், ஆறு மாதம் தாண்டிய பிறகு என்றால் இன்னும் நல்லது. கம்பத்துக் குட்டி வளர்ப்பவர்களுக்கு இவ்வளவு தலைவலி வேண்டாம், பதினைந்து இருபது கிலோவில் நிற்கும் நாய்க்குச் சாதாரணக் குட்டித் தீனியே தாராளம்.

ஏற்கெனவே வேறு தீனியில் இருந்தால் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால், ஒரு வாரத்தில் முழுக்க. நடுவில் மலம் இளகினால் அந்த விகிதத்திலேயே இரண்டு நாள் நிறுத்திவைத்துப் பிறகு தொடருங்கள். பெரிய இனக் குட்டித் தீனியை லாப்ரடார், அல்சேஷனுக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரையும், கிரேட் டேன் மாதிரி ராட்சச இனங்களுக்கு இரண்டு ஆண்டுவரையும் தொடரலாம்.